சாம்பல் கல்லில் பாதிச் சுவர் ஏறிவிட்டது, இப்போது கதிரியக்கம் என்கிறார்கள்

மீஞ்சூர் மனைக்காரன் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். ராயபுரத்தில் சின்னதாக ஒரு அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், காதுகுத்து நோட்டீஸ், இதுதான் தொழில். இருபத்தெட்டு வருடம் வாடகை வீட்டில் இருந்துவிட்டு, மீஞ்சூரில் அரை கிரவுண்டு வாங்கி, தரைத்தளமும் ஒரு மாடியுமாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன். சுவர் லிண்டல் மட்டத்துக்கு வந்துவிட்டது. எல்லாம் ஃபிளை ஆஷ் கல், அதாவது அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்து மிஞ்சும் சாம்பலில் செய்த கல். சேம்பர் செங்கல்லைவிட ஒரு கல்லுக்கு மூன்று ரூபாய் குறைவு, அளவும் ஒரே சீராக இருக்கிறது, பூச்சுக்குச் சிமென்ட் மிச்சமாகும் என்று மேஸ்திரி சொன்னார். அவர் சொன்னது சரிதான்.

பிரச்சினை ஃப்ளோரிடாவிலிருந்து வந்தது. மச்சினன் மகன் அங்கே வேலை பார்க்கிறான். உரத் தொழிற்சாலைக் கழிவைப் போட்டு ரோடு போடப் போகிறார்கள், அது கதிரியக்கக் கழிவு, இங்கே ஊரே சண்டை போடுகிறது என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதினான். அதோடு விட்டானா? "மாமா, உங்க வீட்டுக் கல்லும் இதே ஜாதிதான்" என்று ஒரு வரி சேர்த்துவிட்டான். அன்று ராத்திரியிலிருந்து என் மனைவி சரியாகத் தூங்கவில்லை. மருமகளுக்கு ஐந்தாம் மாதம். கிரகப்பிரவேசமும் பிரசவமும் ஒரே சமயத்தில் வரும் என்று நாள் கணக்குப் போட்டு வைத்திருந்தோம்.

என் இன்ஜினியரைக் கேட்டேன். "கல்லோட ஸ்ட்ரென்த்தைக் கேளுங்க சார், பேப்பர்ல எழுதித் தர்றேன். கதிரியக்கம்னா கல்பாக்கத்துலதான் போய்க் கேக்கணும்" என்று சிரித்தார். கல் சப்ளை செய்தவரைக் கேட்டேன். ஒரு டெஸ்ட் ரிப்போர்ட் கொடுத்தார். அமுக்க வலிமை 7.8, நீர் உறிஞ்சல் 13 சதவீதம். கதிரியக்கம் என்ற சொல்லே அதில் இல்லை. "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லைங்க" என்றார். பொய் சொல்லியிருக்க மாட்டார்.

பக்கத்துக் கடைக்காரரின் மகன் ஆன்லைனில் வாங்கிய கைமீட்டர் ஒன்றை வைத்திருந்தான். அதையும் எடுத்துப் போய்ப் பார்த்தேன். மனை வாசலில் தெருவில் மணிக்கு 0.12 மைக்ரோசீவர்ட். புதுச் சுவரை ஒட்டி வைத்தால் 0.14, சில சமயம் 0.15. சரி என்று நிம்மதியாகி, ராயபுரம் வாடகை வீட்டுக்கு வந்து சமையல் மேடை கிரானைட்டில் வைத்தேன். 0.21! பதினெட்டு வருடமாக அந்த மேடையில்தான் தோசை ஊற்றுகிறோம்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். இந்தச் சாம்பல் கல்லில் உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா? இருந்தால் எவ்வளவு வரை இருக்கலாம் என்று நம் நாட்டில் யாராவது வரம்பு போட்டிருக்கிறார்களா? மேல்மாடிக்கு இன்னும் பதினாலாயிரம் கல் வர வேண்டும். நிறுத்தி வைத்திருக்கிறேன். மேஸ்திரி ஒரு வாரம் பொறுப்பார், அதற்கு மேல் வேறு சைட்டுக்குப் போய்விடுவார்.

திருவொற்றியூர் டீக்கடை

அண்ணா, வாழைப்பழத்திலும் கதிரியக்கம் இருக்கிறது. ஒரு பழத்தில் வினாடிக்குப் பதினைந்து அணு சிதைகிறது. நிறுத்திவிட்டோமா? கிரானைட் மேடையைவிடக் குறைவு என்று நீங்களே அளந்துவிட்டீர்கள். வீட்டைக் கட்டி முடியுங்கள். எங்கள் பக்கம் மூச்சு விடுவதே பெரிய பாடு, இதில் சுவர் வேறு.

செங்குன்றம் கல் யார்டு

கல் போடுகிறவன் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. பதினோரு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். யாரையும் குறை சொல்வதற்காக எழுதவில்லை.

ஃபிளை ஆஷ் கல் என்று ஒரே பெயர். உள்ளே என்ன இருக்கிறது என்பது யார்டுக்கு யார்டு மாறும். எங்கள் கலவையில் சாம்பல் 55லிருந்து 60 சதவீதம். மீதி கிரஷர் தூள், சிமென்ட். சிலர் சிமென்ட்டைக் குறைத்துவிட்டு சுண்ணாம்பும் ஜிப்சமும் போடுவார்கள். அது தப்பில்லை. பழைய முறை, நல்ல கல் வரும், ஆனால் நீர் ஆற்ற நாள் அதிகம் விட வேண்டும். அந்த ஜிப்சம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் நீங்கள் கேட்க வேண்டும் சார். சுரங்க ஜிப்சம் விலை அதிகம். உரத் தொழிற்சாலையில் பாஸ்பாரிக் அமிலம் எடுத்தபின் மலை மாதிரிக் குவிந்து கிடக்கும் ஜிப்சம் மலிவு. உங்கள் மச்சினன் மகன் சொன்ன ஃப்ளோரிடா சமாசாரம் அதுதான். சாம்பல் வேறு, அது வேறு. ஆனால் ஒரே கல்லுக்குள் இரண்டும் இருக்க வாய்ப்பு உண்டு. அவன் பாதி சரி.

சாம்பலிலும் இரண்டு ரகம். சிம்னிக்கு முன்னால் பிடிக்கிற நைஸ் சாம்பல், மூடிய பல்க்கர் லாரியில் வரும். இன்னொன்று தண்ணீர் ஊற்றிக் குளத்துக்கு அனுப்பி, காய்ந்தபின் அள்ளுவது. குளத்துச் சாம்பல் போட்டால் கல் கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். கையில் தேய்த்தாலே எங்களுக்குத் தெரியும்.

கதிரியக்க ரிப்போர்ட் என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை என்பது உண்மை. சாம்பல் கொடுக்கும் இடத்திலும் எனக்கு யாரும் அப்படி ஒரு தாள் கொடுத்ததில்லை. எடைச் சீட்டு மட்டும்தான்.

ஓய்வு பெற்ற காமாக்காரர்

நானும் கொஞ்சம் எழுதலாம் என்று நினைக்கிறேன். மண், தண்ணீர், மீன், சிமென்ட் என்று எதைக் கொடுத்தாலும் அதில் எவ்வளவு ரேடியம், எவ்வளவு தோரியம் என்று எண்ணிச் சொல்வதே இருபத்தேழு வருடம் என் பிழைப்பு. இப்போது தாம்பரத்தில் பேத்திக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது பிழைப்பு. அதனால் கணக்காகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தக் கைமீட்டரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது பொய் சொல்லவில்லை. ஆனால் 0.12க்கும் 0.14க்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லும் நிதானம் அதற்குக் கிடையாது. அதே இடத்தில் பத்து நிமிடம் வைத்துப் பார்த்தால் அதற்குள் அதுவே நாலு பதில் சொல்லும். கிரானைட்டில் அதிகமாகக் காட்டியது ஆச்சரியமே இல்லை. கிரானைட்டில் பொட்டாசியம் அதிகம், பல ரகங்களில் தோரியமும் உண்டு. ஆனால் உங்கள் வீட்டில் அது ஒரு மேடை. சுவர் என்பது நான்கு பக்கமும் நம்மைச் சுற்றி நிற்கிறது. அதுதான் கட்டுமானப் பொருளுக்குத் தனிக் கணக்கு வைத்திருப்பதன் காரணம்.

நிலக்கரிக்குள் யுரேனியமும் தோரியமும் மண்ணில் இருக்கிற மாதிரியே கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் அதிகம், பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இருக்கும். எரிய வேண்டியது எரிந்துபோன பிறகு, எரியாத இந்தச் சரக்கெல்லாம் மிஞ்சிய மூன்றில் ஒரு பங்குக்குள் ஒடுங்கிவிடுகிறது. ஒரு கூடை கீரையை வதக்கினால் ஒரு பிடி ஆகிறது, உப்பு மட்டும் அப்படியே இருக்கிறதே, அந்தக் கதை. ஆக, புதிதாக எதுவும் உண்டாகவில்லை. அடர்த்தி மட்டும் கூடியிருக்கிறது.

உலக மண்ணில் சராசரியாக ஒரு கிலோவுக்கு ரேடியம் (யுரேனியம் சிதைந்து வருவது) 35 பெக்கரல், தோரியம் 30, பொட்டாசியம் 400 என்று வைத்துக்கொள்ளலாம். பெக்கரல் என்றால் வினாடிக்கு ஒரு அணு சிதைவது, அவ்வளவுதான். சாம்பலில் ஒரு உதாரணத்துக்கு ரேடியம் 100, தோரியம் 120, பொட்டாசியம் 350 என்று எடுத்துக்கொள்வோம். ஐரோப்பியக் கணக்குப்படி ரேடியத்தை 300ஆல், தோரியத்தை 200ஆல், பொட்டாசியத்தை 3,000ஆல் வகுத்துக் கூட்ட வேண்டும். கூட்டினால் 1.05 வரும். விடை 1ஐத் தாண்டினால் அந்தப் பொருளைக் கவனித்துப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். ஆனால் இது வெறும் சாம்பலுக்கு. கல்லில் 60 சதவீதம்தான் சாம்பல், மீதிக்குக் கிரஷர் தூளும் சிமென்ட்டும் என்றால் முக்காலை ஒட்டி நிற்கும். இந்த 1 என்பது, தரை, கூரை, நான்கு சுவர் எல்லாமே அந்தப் பொருளால் ஆன அறையில் ஒருவர் வருடத்தில் 7,000 மணி நேரம் இருந்தால், வெளியில் கிடைப்பதைவிட அதிகமாக 1 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிரியக்கத்தை அளக்கும் அலகு) வாங்குவார் என்ற கணக்கில் வைத்தது. உலகத்தில் சராசரி மனிதன் இயற்கையிடமிருந்தே வருடத்துக்கு 2.4 வாங்குகிறான். உங்கள் தரையும் கூரையும் சாம்பல் கல் கிடையாது. ஆகவே, உங்கள் மருமகள் தாராளமாக அந்த வீட்டில் இருக்கலாம். இதை உங்கள் மனைவியிடம் முதலில் சொல்லிவிட்டு, மீதியைப் பிறகு படியுங்கள்.

மீதி ரேடான். ரேடியம் சிதைந்தால் வருகிற வாயு அது, 3.8 நாளில் பாதியாகும். சுவரிலிருந்து கசிந்து அறைக் காற்றில் சேரும், நுரையீரலுக்குப் போகும். உலக சுகாதார நிறுவனம் கன மீட்டருக்கு 100 பெக்கரலுக்குள் வைத்திருக்கச் சொல்கிறது. இதில் சாம்பலுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. உலையின் சூட்டில் உருகிக் கண்ணாடி உருண்டைகளாகிவிடுவதால், ரேடியம் இருந்தாலும் ரேடான் வெளியே தப்புவது மண்ணைவிடக் குறைவு. மேலே பூச்சு, பட்டி, பெயின்ட் வேறு. சன்னல் திறந்திருந்தால் அதுவும் போய்விடும். நம் ஊரில் ஒரே ஒரு சிக்கல், ஏசி. முன்பெல்லாம் சென்னை வீட்டில் காற்று நிற்காது. இப்போது படுக்கையறையை ஒன்பது மணிக்கு மூடினால் மறுநாள் காலை ஆறு மணிக்குத்தான் திறக்கிறோம். காலையில் அரை மணி நேரம் சன்னலைத் திறந்து வையுங்கள். கொசு வரும், அது வேறு விஷயம்.

மீஞ்சூர் மனைக்காரன்

ஐயா, ரொம்ப நன்றி. மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். கீரை உதாரணம் அவளுக்கு உடனே பிடிபட்டுவிட்டது. "அப்ப ஒரு பிடிக் கீரைல உப்பு எவ்வளவுன்னு யாரு நக்கிப் பாத்தாங்க?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. நீங்கள் போட்ட கணக்கு உதாரணக் கணக்கு. என் கல்லுக்கு என்ன எண் என்று யாருக்குமே தெரியாது, அப்படித்தானே? நான் ஒரு பத்திரிகை அச்சடித்தால்கூட வாடிக்கையாளரிடம் புரூஃப் காட்டிக் கையெழுத்து வாங்காமல் மெஷினில் ஏற்ற மாட்டேன்.

தரமணி சிவில்

மேடம் கேட்டதுதான் சரியான கேள்வி. கட்டுமானப் பொருள் பரிசோதனையில் இருக்கிறேன், எனவே விதி என்ன சொல்கிறது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் பாஸ்போஜிப்சத்தை, அதாவது செங்குன்றம் அண்ணன் சொன்ன உரத் தொழிற்சாலை ஜிப்சத்தை, அடுக்கிக் குவித்து வைக்க வேண்டும், வேறு உபயோகத்துக்கு அனுமதி வாங்க வேண்டும் என்பது பொது விதி. ரோடு போட 2020ல் அவர்களுடைய சுற்றுச்சூழல் முகமை அனுமதி கொடுத்தது, 2021ல் திரும்பப் பெற்றது, 2024 டிசம்பரில் ஃப்ளோரிடாவில் ஒரு சோதனைச் சாலைக்கு மட்டும் மறுபடி கொடுத்தது. நான்கு வருடத்தில் மூன்று முடிவு. வயலில் போடுவதற்கு அங்கே கிலோவுக்கு 370 பெக்கரல் ரேடியம் என்று ஒரு உச்சவரம்பும் உண்டு.

நம் நாட்டில் இதைப் பார்ப்பது மும்பையில் இருக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். பாஸ்போஜிப்சத்துக்கு என்றே 2009ல் ஒரு ஆணை போட்டார்கள். கட்டுமானத்துக்கு விற்கும் ஜிப்சத்தில் ரேடியம் கிராமுக்கு 1 பெக்கரலுக்குள் இருந்தால் தனி அனுமதி வேண்டாம். அதற்கு மேல் இருந்தால் வேறு பொருளோடு கலந்து 1க்குள் கொண்டுவர வேண்டும். அதில் பலகையோ பிளாக்கோ செய்தால், ஒரு சதுர மீட்டர் பரப்பில் 40,000 பெக்கரலைத் தாண்டக் கூடாது. விவசாயத்துக்கு விற்க வாரியத்தின் அனுமதியே தேவையில்லை. ஆகவே நம் ஊரில் விதியே இல்லை என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்.

இங்கேதான் ஒரு முடிச்சு. கிராமுக்கு 1 என்றால் கிலோவுக்கு 1,000. மேலே ஐயா சொன்ன ஐரோப்பியக் கணக்கில் ரேடியம் மட்டுமே 300 ஆனால் எண் 1 ஆகிவிடுகிறது. அப்படியென்றால் நம் வரம்பு மூன்று மடங்கு தளர்வா என்றால், பலகைக்கு அப்படிச் சொல்ல முடியாது. ஜிப்சம் பலகை மெல்லியது. சதுர மீட்டருக்கு 40 கிலோ எடையுள்ள பலகை 1,000 பெக்கரல் கொண்டிருந்தால் சரியாக அந்த 40,000 வரும். பரப்புக் கணக்குத்தான் அங்கே உண்மையான பூட்டு. ஐஐடி மெட்ராஸ் வளாகத்தில் இந்த மாதிரி ஜிப்சம் பலகையில் ஒரு மாதிரிக் கட்டடமே கட்டி வைத்திருக்கிறார்கள், போய்ப் பார்க்கலாம்.

இப்போது அதே பூட்டை உங்கள் சுவரில் மாட்டிப் பாருங்கள். ஒன்பது இஞ்சுச் சுவர், சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 390 கிலோ. கல்லில் ரேடியம் 70 என்று வைத்தால் 27,000 பெக்கரல். செங்குன்றம் அண்ணன் சொன்ன மாதிரி அந்தக் கலவையில் 5 சதவீதம் உர ஜிப்சம் சேர்ந்து, அந்த ஜிப்சத்தில் கிலோவுக்கு 500 இருந்தால், கல் 95ஐ ஒட்டி வந்துவிடும். சுவர் ஏறக்குறைய 37,000. பலகைக்குப் போட்ட வரம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. ஆனால் இந்த எண்ணை எழுதிக் கொடுக்க வேண்டிய கட்டாயம் யார்டுக்காரருக்கு வரவே வராது. ஏனென்றால் அவர் வாங்கிய ஜிப்சமும் தனியாக வரம்புக்குள், சாம்பலும் தனியாக வரம்புக்குள். சுவரை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

(தடிமனான சுவரில் உள்பக்கத்துக் கதிர்களைச் சுவரே விழுங்கிவிடும், அதனால் பலகையையும் சுவரையும் இப்படி நேருக்கு நேர் ஒப்பிடுவது முறையில்லை என்று ஐயா திட்டுவார். தெரியும் ஐயா. எங்கே ஓட்டை என்று காட்டத்தான் சொன்னேன்.)

ஓய்வு பெற்ற காமாக்காரர்

திட்டவில்லை தம்பி. ஆனால் தோரியத்தை விட்டுவிட்டாயே, நம் நாட்டுச் சாம்பலில் பல சமயம் ரேடியத்தைவிட அதுதான் முன்னால் நிற்கும். ரேடியத்துக்கு மட்டும் வரம்பு போட்டால் பாஸ்போஜிப்சத்துக்குப் பொருந்தும், சாம்பலுக்குப் பொருந்தாது.

அப்புறம், எங்கே அளப்பது என்பதில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன், இதை வேலையில் இருந்தபோதும் சொல்லிக்கொண்டேதான் இருந்தேன். வீடு கட்டுகிறவன் தலையில் இதைக் கட்டவே கூடாது. ஒரு கல்லைப் பொடித்து, டப்பாவில் அடைத்து, காற்றுப் புகாமல் மூடி, ஏறக்குறைய ஒரு மாதம் வைக்க வேண்டும். உள்ளே இருக்கும் ரேடானும் அதன் வாரிசுகளும் ரேடியத்தோடு சமநிலைக்கு வந்தால்தான் எண் சரியாக வரும். பிறகு ஈயக் கோட்டைக்குள் வைத்து ஒரு நாள் எண்ண வேண்டும். மேஸ்திரி ஒரு வாரம்தான் பொறுப்பார் என்கிறீர்கள்! யார்டுக்காரரும் பாவம், அவருக்கு இன்று ஒரு லோடு, நாளை வேறொரு லோடு. சாம்பல் கிளம்புகிற வாசலில் அளக்க வேண்டும். வாசல்கள் கொஞ்சம்தான், நிலக்கரி எந்தச் சுரங்கத்திலிருந்து வந்தது என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மூன்று எண்கள், ரேடியம், தோரியம், பொட்டாசியம். அதை எடைச் சீட்டின் மூலையில் அச்சடித்தால் போதும். அச்சகம் வைத்திருக்கிறீர்களே, ஒரு வரி கூடுதலாக அச்சடிக்க எவ்வளவு ஆகும் என்று நீங்களே சொல்லுங்கள்.

மத்திய அரசு 1999லிருந்து சாம்பலைப் பற்றி அறிவிக்கை போட்டுக்கொண்டே இருக்கிறது. 2021 டிசம்பர் கடைசி நாளில் வந்த அறிவிக்கைப்படி அனல்மின் நிலையம் தன் சாம்பல் முழுவதையும் எதற்காவது பயன்படுத்தித் தீர்த்தாக வேண்டும், 300 கிலோமீட்டருக்குள் கட்டுகிறவர்கள் சாம்பல் பொருளை எடுத்தாக வேண்டும். நல்ல நோக்கம்தான். கொசஸ்தலையாற்றில் சாம்பல் சேறு கலந்து கிடப்பதைவிடச் சுவருக்குள் சிமென்ட்டோடு இறுகிக் கிடப்பது எவ்வளவோ மேல், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லும்போது, எடுக்கிறவன் கையில் அந்த மூன்று எண்களைக் கொடுப்பதுதான் மரியாதை.

மாதவரம் ஸ்கிராப்

எல்லோரும் கல்லையே பேசுகிறீர்கள். கம்பியை யாராவது யோசித்தீர்களா? தைவானில் 1980களின் தொடக்கத்தில் கட்டிய வீடுகளின் கம்பியில் கோபால்ட் 60 என்ற கதிரியக்கப் பொருள் கலந்திருந்தது 1992ல்தான் தெரிந்தது, நூற்றெண்பது கட்டடம். மெக்சிகோவில் மருத்துவ மெஷினை ஸ்கிராப்பில் போட்டு உருக்கிவிட்டார்கள். 1984ல் ஒரு கம்பி லாரி அமெரிக்க அணு ஆய்வகத்தின் வாசலில் வழிதவறிப் போய் அலாரம் அடித்ததால் மாட்டியது, இல்லாவிட்டால் இன்னும் எத்தனை வீட்டுக்குப் போயிருக்குமோ. நம் நாட்டிலேயே 2010ல் டெல்லி மாயாபுரியில் பழைய ஆராய்ச்சிக் கருவியைப் பிரித்து ஒருவர் செத்தார். நான் ஸ்கிராப் எடுக்கிறவன், அதன் பிறகு ஈயம் மூடிய எந்தப் பெட்டியையும் என் ஆட்கள் தொடுவதில்லை.

ஓய்வு பெற்ற காமாக்காரர்

நல்ல பழக்கம், அதை விடாதீர்கள். ஆனால் இங்கே கேட்டவருக்கு அது வேறு கதை. அது மனிதன் செய்த சரக்கு, தொலைந்துபோய்த் தப்பான இடத்தில் உருகியது. 5.27 வருடத்தில் பாதியாகும், ஆனால் இருக்கும்வரை கொல்லும். சாம்பலில் இருப்பது பூமியோடு பிறந்தது. கொஞ்சம்தான், ஆனால் ரேடியம் பாதியாக 1,600 வருடம். முன்னதற்கு வாசலில் அலாரம் போதும். பின்னது எந்த அலாரத்தையும் அடிக்காமல் லோடு லோடாகப் போய்க்கொண்டிருக்கும், அதைத் தாளில்தான் பிடிக்க முடியும். இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டினால், பயப்பட வேண்டியதற்குப் பயப்படாமல் மற்றதற்குப் பயப்படுவோம்.

மீஞ்சூர் மனைக்காரன்

இரண்டு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். கேட்டுவிட்டுக் காணாமல் போனான் என்று நினைத்திருப்பீர்கள்.

மேல்மாடிக்கும் சாம்பல் கல்தான், கைவிடவில்லை. யார்டை மாற்றினேன். செங்குன்றம் அண்ணன் சொன்னபடி இரண்டே கேள்வி கேட்டேன், சாம்பல் பல்க்கரா குளமா, ஜிப்சம் உண்டா இல்லையா. பழைய சப்ளையர் ஜிப்சம் போடுகிறேன் என்று ஒப்புக்கொண்டார், பில்லைக் காட்டவில்லை. புது யார்டில் சிமென்ட் மட்டும்தான், கண்ணெதிரே கலவை போட்டுக் காட்டினார்கள். கல்லுக்கு அறுபது பைசா கூட.

பழைய கல்லில் ஒன்றைச் சோதனைக்குக் கொடுத்தேன். காமாக்காரர் ஐயா தனியாக வழி சொன்னார், பெயர் போட வேண்டாம் என்றார், போடவில்லை. கட்டணம் என் பத்திரிகை ஆர்டர் ஒன்றின் லாபத்துக்குச் சமம். ஒரு மாதம் டப்பாவில் இருந்தது. ரேடியம் 88, தோரியம் 97, பொட்டாசியம் 310. ஐயா சொன்ன கணக்கை நானே போட்டேன், 0.88 வந்தது. மறுபடி கால்குலேட்டரில் போட்டேன், அதேதான்.

மனைவி "பாஸா ஃபெயிலா?" என்றாள். பாஸ் என்றேன். "எத்தனை மார்க்குல?" என்றாள். அவளிடம் எதையும் மறைக்க முடியாது. கீழ்த்தளப் படுக்கையறையில் சன்னலைப் பெரிதாக்கச் சொன்னாள், நாலு அடியை ஆறு அடி ஆக்கினோம். மேஸ்திரி முணுமுணுத்தார். சுவரை உடைத்தபோது பறந்த தூசியில் சித்தாள் அம்மா இருமினார், அப்போதுதான் உறைத்தது, இத்தனை நாள் கதிரியக்கம் பேசினோம், ஒரு முகக்கவசம் வாங்கிக் கொடுக்கவில்லை. அன்றே ஒரு டஜன் வாங்கினேன்.

இப்போது ஒரு புதுத் தலைவலி. ரிப்போர்ட் வந்த விஷயம் பழைய சப்ளையருக்குத் தெரிந்துவிட்டது. போன வாரம் அச்சகத்துக்கே வந்து, "சார், அதுல ஒரு ஜெராக்ஸ் குடுங்க, மத்த கஸ்டமர் கேட்டா காட்டுவேன்" என்கிறார். அவர் மேல் கோபமில்லை. ஆனால் அது என் லோடிலிருந்து எடுத்த ஒரே ஒரு கல். கொடுக்கலாமா?

செங்குன்றம் கல் யார்டு

கொடுங்கள் சார். ஆனால் லோடு வந்த தேதியையும் லாரி நம்பரையும் குறுக்கே பெரிசாக அச்சடித்துக் கொடுங்கள். அப்புறம் அவரே காட்ட மாட்டார்.